மழையில் பூனையும் நாயும், ஒப்பந்தத்தில் 'ஷெல்'லும் 'மே'யும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் ஓ.எல். பிள்ளை இருந்தால் கட்டாயம் வாசியுங்கள். இதை எழுதுவது ஒரு கைதான். ஆனால் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஆங்கிலம் படிப்பிக்கிற எங்களில் பலர் ஸ்டாஃப் ரூமில் கதைக்கிற கதைதான் இது.

போன கிழமை ஊரில் ஒரு ஸ்கிரீன்ஷொட் வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஒரு விளையாட்டுக் கழகத்து இளைஞர் ஆங்கிலத்தில் ஒரு அறிவித்தல் எழுதியிருந்தார். அதில் 'வீ வில் டிஸ்கஸ் எபௌட் திஸ் மெட்டர்' என்று ஒரு வசனம். அதற்குச் சிவப்பு வட்டம் போட்டு, சிரிக்கிற முகங்கள் ஐம்பது அறுபது. அந்த அறிவித்தல் எதைப்பற்றி என்று அந்த அறுபது பேரில் எத்தனை பேர் வாசித்தார்களோ தெரியாது. மைதானத்தில் மழைத்தண்ணீர் வடியாமல் நிற்பதைப் பற்றியது அது. தண்ணீர் இன்னும் நிற்கிறது.

முதலில் அந்த 'எபௌட்' விசயத்தை முடித்துவிடுவோம். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'எபௌட்' வராது, உண்மைதான். ஆனால் 'டோக் எபௌட்' சரி. 'டிஸ்கஷன் எபௌட்' என்று பெயராக வந்தாலும் சரி. அந்தப் பிள்ளை இந்த இரண்டையும் பார்த்துப் பழகி மூன்றாவதையும் அதே அச்சில் வார்த்திருக்கிறார். மூளை வேலை செய்கிற ஒருவர் விடுகிற பிழை இது. சொல்லிக் கொடுக்க ஒரு நிமிசம் போதும். வட்டம் போட்டு ஊருக்கு அனுப்பியவர்களில் ஒருவர்கூட அந்த ஒரு நிமிசத்தைச் செலவழிக்கவில்லை.

சிங்களத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் 'கடுவ'. வாள் என்று அர்த்தம். ஆங்கிலம் தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுகிற வாள். கொழும்பு ஏழில் வளர்ந்தவர்கள் அந்த வாளைத் தூக்கினால் அது அவர்கள் வரலாறு. நம் ஊரில் நெல்லும் மீனும் விற்று, பாய் பின்னி, பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் வெட்ட அந்த வாள் எதற்கு என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. வெட்டுகிறவரின் வாள் எவ்வளவு கூர் என்று பார்த்தால் அது இன்னும் வேடிக்கை.

வட்டம் போடுகிறவர்கள் 'ரூல்' என்று தூக்கிக்கொண்டு வருவதில் பாதி ரூலே இல்லை. வசனத்தின் முடிவில் 'வித்', 'ஃபோர்', 'ஒஃப்' மாதிரி முன்னிடைச்சொல் வரக்கூடாதாம். 1672இல் ஜோன் ட்ரைடன் என்ற கவிஞர் பென் ஜோன்சனைக் குறை சொல்லக் கிளப்பிய விசயம் அது. கிளப்பிவிட்டு, தான் முன்பு எழுதிய உரைநடையையே பிறகு அவர் திருத்த வேண்டியதாயிற்று. 1762இல் இலக்கணம் எழுதிய ரொபர்ட் லோத் என்ற பாதிரியார்கூட, பேச்சு வழக்குக்கு அது பொருத்தம்தான் என்று விட்டுவிட்டார். 'டூ'வுக்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல் நுழையக்கூடாது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்த காய்ச்சல். ஷேக்ஸ்பியர் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் 'மோஸ்ட்'டையும் 'எஸ்ட்' விகுதியையும் ஒரே சொல்லுக்கு இரட்டையாகப் போட்டிருக்கிறார். நம் ஊரில் எழுதியிருந்தால் அவருக்கும் சிவப்பு வட்டம்தான்.

இலங்கையர் பேசுகிற ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மைக்கேல் மெய்லர் 2007இல் ஒரு அகராதியே போட்டார். 'ஷோர்ட் ஈட்ஸ்' என்று நாம் சொல்வது லண்டன்காரனுக்கு விளங்காது. 'பாஸ்ட் அவுட்' என்றால் நமக்குப் பட்டம் முடித்து வெளியேறியவர், அவனுக்கு மயங்கி விழுந்தவர். 'கசின் பிரதர்' என்றால் சிரிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். சாச்சியின் மகன் நமக்கு நானா முறை. மாமியின் மகன் மச்சான். ஒருவரோடு கூடப் பிறந்தவர் மாதிரிப் பழகலாம், மற்றவரோடு நிக்காஹ் பேசலாம். ஆங்கிலக்காரன் இருவரையும் 'கசின்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டான். அந்தச் சாக்கைப் பிரிக்க நம் ஆட்கள் 'பிரதர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கொண்டார்கள். அந்த இடத்தில் குறை ஆங்கிலத்தில்தான்.

அப்படியென்றால் எதையும் எப்படியும் எழுதலாமா என்று கேட்பீர்கள். கூடாது. நுணுக்கம் முக்கியம். எங்கள் சண்டையே நுணுக்கத்துக்காகத்தான். எந்த நுணுக்கம் என்பதில்தான் ஊரோடு ஒத்துப்போக முடியவில்லை.

மெயின் வீதியில் போஸ்டர்களைப் பாருங்கள். முப்பது நாளில் ஆங்கிலம். நூறு இடியம். ஐம்பது பழமொழி. 'ஃபிகர்ஸ் ஒஃப் ஸ்பீச்' எல்லாம் ஒரே தாளில், லேமினேட் செய்து. உம்மாமார் வந்து கேட்கிறார்கள்: "சேர், மத்த கிளாஸ்ல புள்ளயளுக்கு இடியம் எல்லாம் குடுக்காங்களாம், நீங்க குடுக்கல்லயா?" ஒட்சிமொரன், ஒனமடோபியா, சினெக்டொகி என்று பத்தாம் தரப் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சாதாரண தர ஆங்கில மொழி வினாத்தாள் கேட்பது ஒரு சிறு குறிப்பு, ஒரு கடிதம், ஒரு படத்தையோ வரைபையோ விவரிப்பது, ஒரு கட்டுரை. அணிகளின் பெயர் ஆங்கில இலக்கியம் எடுக்கிற பிள்ளைக்குத் தேவை. அந்தப் பிள்ளைக்கும் பெயரைவிட, கவிஞன் அந்த இடத்தில் அதை ஏன் வைத்தான் என்பதுதான் தேவை.

இந்தப் பட்டியல்கள் செய்கிற சேதத்துக்கு ஒரு சின்ன உதாரணம். லீவு கேட்டு வகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதச் சொன்னோம். ஒரு பிள்ளை, நல்ல கெட்டிக்காரப் பிள்ளை, உம்மாவின் வாப்பா மௌத்தான செய்தியை 'மை கிராண்ட்ஃபாதர் கிக்ட் த பக்கெட்' என்று எழுதியிருந்தது. இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. பட்டியலில் 'கிக் த பக்கெட்' என்றால் 'டு டை' என்று போட்டிருக்கிறதே! அது 'மண்டையைப் போட்டார்' என்கிற ரகம் என்று பட்டியல் சொல்லவில்லை. தமிழில் அந்தப் பிள்ளை மூத்தவர் ஒருவரைப் பற்றி அப்படி ஒருநாளும் எழுதாது. மௌத்தாகிவிட்டார், வபாத்தானார் என்றுதான் எழுதும். ஆலிமைப் பற்றி எழுதும்போது ஒரு சொல், ஊர்ச் சண்டியனைப் பற்றிக் கதைக்கும்போது வேறொரு சொல், பக்கத்து வீட்டுக் கிழட்டுப் பூனைக்கு இன்னொன்று. இந்த விவேகம் ஐந்து வயதிலேயே அதன் நாக்கில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு வந்தவுடன் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தாளை நம்பச் சொல்கிறோம். 'பாஸ்ட் அவே' என்ற இரண்டு சொல் போதுமாயிருந்தது. 'டைட்' என்று நேராக எழுதினாலும் ஒரு குறையும் இல்லை.

'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டோக்ஸ்' கதையும் அதேதான். மழையைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு வகுப்பில் முப்பது கொப்பியிலும் பூனையும் நாயும் விழுகிறது. டிசம்பர் மாதத்து மழையில் களப்பு நிரம்பி, முகத்துவாரம் வெட்டுவார்களா என்று ஊரே காத்திருப்பதை முற்றத்தில் நின்று பார்த்த பிள்ளை, கொப்பியில் பூனை நாய் எழுதுகிறது. 'த லகூன் இஸ் ஃபுல்' என்று நான்கு சொல் எழுதியிருந்தால் நாங்கள் முழுப் புள்ளியும் கொடுத்திருப்போம்.

அணிகளைப் படிப்பிக்கவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது, அங்கிருந்து எடுங்கள் என்கிறோம். 'அவன்ட வாய் லவுட்ஸ்பீக்கர் மாதிரி' என்றால் சிமிலி. 'அவன்ட வாய் ஒரு லவுட்ஸ்பீக்கர்' என்றால் மெட்டஃபர். பள்ளி முடிந்தது, பாடம் முடிந்தது. உவமை, உருவகம் என்று தமிழ்ப் பாடத்தில் இதே பிள்ளை போன வருசம் படித்ததுதான். 'யூஃபமிசம்' என்று மேல்நாட்டுச் சரக்காக விற்கிறார்களே, அதை நன்னூல் இடக்கரடக்கல் என்றும் மங்கலம் என்றும் இரண்டாகப் பிரித்தே சொல்லிவிட்டது. தமிழ் டீச்சரும் ஆங்கில சேரும் ஒரு பாடசாலையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து இதைப் பற்றி ஒருநாள் கதைத்தால், லேமினேட் தாளுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

எங்களுக்கு வேண்டிய நுணுக்கம் எது என்று கேட்டால், ஒரு உண்மையைச் சொல்கிறோம். எங்கள் பழைய மாணவி ஒருத்தி ஒரு புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தாள். 'அப்ளிகேஷன்ஸ் ஷுட் ரீச் அஸ் பை' என்று போட்டு ஒரு திகதி. அந்தத் திகதியிலேயே தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டாள். ரசீது பத்திரமாக இருக்கிறது. விண்ணப்பம் பிந்திவிட்டது என்று பதில் வந்தது. 'ரீச்' என்றால் போய்ச் சேர வேண்டும். 'பை' என்றால் அந்தத் திகதிக்குள். 'அன்ட்டில்' என்றால் அந்தத் திகதி வரைக்கும் தொடர்ந்து. தமிழில் 'க்குள்' என்பதற்கும் 'வரை' என்பதற்கும் உள்ள அதே வித்தியாசம். இரண்டையும் தமிழில் குழப்பாத பிள்ளை ஆங்கிலத்தில் குழம்பியது, ஏனென்றால் இந்த இரண்டு சின்னச் சொல்லையும் யாரும் அதன் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவில்லை. அவளுக்கு இடியம் எழுபது தெரியும்.

இன்னொன்று. கட்டாருக்கு டிரைவராகப் போன ஒருவரின் ஒப்பந்தத்தைப் பிறகு நாங்கள் வாசித்தோம். சம்பளத்துக்கு 'ஷெல்' போட்டிருக்கிறது. சாப்பாட்டுக்கும் ஓவர்டைமுக்கும் 'மே' போட்டிருக்கிறது. 'ஷெல் பே' என்றால் கொடுத்தே ஆக வேண்டும். 'மே பே' என்றால் கொடுக்கலாம், விரும்பினால். அந்த 'லாம்' ஒன்றுக்குள்தான் அவருடைய இரண்டு வருசத்து ஓவர்டைம் முழுக்கப் போனது. ஏஜென்சியில் கையெழுத்துப் போட முதல், ஏ.எல். படித்த மகனிடம் காட்டியிருக்கிறார். மகன் வாசித்துவிட்டு "எல்லாம் தருவாங்களாம் வாப்பா" என்று சொல்லியிருக்கிறான். அந்த மகனை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். 'மே' என்றால் 'மே ஐ கம் இன்' என்றுதான் அவன் காதில் விழுந்திருக்கிறது. இன்னும் சில ஒப்பந்தங்களின் அடியில், அரபுப் பிரதிக்கும் ஆங்கிலப் பிரதிக்கும் வித்தியாசம் வந்தால் அரபுப் பிரதி 'ஷெல் பிரிவெய்ல்' என்று ஒரு வரி இருக்கும். எது மேலோங்கும் என்று சொல்கிற வரி அது. அதைத் தாண்டிப் போகிறவர்கள், தாங்கள் வாசித்த ஆங்கிலப் பக்கம் முழுவதுக்கும் பெறுமதி எவ்வளவு என்பதைத் தாண்டிப் போகிறார்கள்.

'எ ஃபியூ' என்றால் சில. 'ஃபியூ' என்றால் சிலவே. நடுவில் இருப்பது ஒரே ஒரு எழுத்து, 'எ'. தமிழில் ஒரு ஏகாரம் செய்கிற வேலையை அங்கே அந்த எழுத்து இல்லாமல் போவது செய்கிறது. 'எ ஃபியூ சீட்ஸ் ஆர் லெஃப்ட்' என்றால் நாளைக்குப் போகலாம். 'ஃபியூ சீட்ஸ் ஆர் லெஃப்ட்' என்றால் இப்போதே ஓடு.

'இன்கரெக்ட்', 'இன்விசிபிள்' என்று படித்த பிள்ளைக்கு 'இன்' என்றால் 'இல்லை' என்று பதிந்திருக்கும். தின்னர் டின்னில் 'இன்ஃப்ளேமபிள்' என்று கண்டால் தீப்பிடிக்காது என்றுதானே அது நினைக்கும்? 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் ஒரே அர்த்தம், தீப்பிடிக்கும். இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொல்கிறார்கள். இது ஒரு நுணுக்கம். இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்குவது வீண் இல்லை.

கிளினிக் துண்டில் வரும் 'பி.டி.', 'டி.டி.எஸ்.', 'நொக்டே' எல்லாம் லத்தீன். முதலாவது நாளுக்கு இரண்டு தரம், அடுத்தது மூன்று தரம், கடைசி இரவில். ஸ்போக்கன் இங்கிலீஷ் மாஸ்டர்மாருக்கும் இது தெரிந்திருப்பது அபூர்வம். பார்மசியில் நிற்கிற தம்பியிடம் கேளுங்கள், வெட்கப்படத் தேவையில்லை.

பிறகு அந்த வினைக்கூத்து. 'இட் ஹேஸ் பீன் டிசைடட்', 'இட் இஸ் ரிகிரெட்டட்'. யார் தீர்மானித்தது? யார் வருந்துகிறார்? வசனத்தில் ஆளே இல்லை. செயப்பாட்டுவினையை 'எக்டிவ்'விலிருந்து 'பெசிவ்'வுக்கு மாற்று, பத்து வசனம், தலா ஒரு புள்ளி என்று பிள்ளைகள் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஏன் ஒருவர் அப்படி எழுதுகிறார் என்று எந்த வேர்க்புக்கும் கேட்பதில்லை. செய்தவர் மறைய வேண்டுமென்றால் அந்த வசனம்தான் நல்ல ஒளிவிடம். கடிதம் வாசிக்கிற பிள்ளை முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'பை ஹூம்?' 'யுவர் சேர்விஸஸ் ஆர் நோ லோங்கர் ரிக்குவயர்ட்' என்பதில் எவ்வளவு மரியாதை பாருங்கள்! வேலை போய்விட்டது என்று அர்த்தம். இடக்கரடக்கல் யாரைக் காப்பாற்றுகிறது என்று இந்த ஒரு வசனத்தை வைத்து ஒரு மணித்தியாலம் படிப்பிக்கலாம். அந்த மணித்தியாலத்தில் சினெக்டொகி இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அரச காரியாலயக் கடிதத்துக்கு நாம் ஆங்கிலத்தில் தவிக்கத் தேவையே இல்லை. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். அதை எழுதிக் கேட்காமல், அரைகுறை ஆங்கிலத்தில் மனு எழுதித் தரும்படி ஆள் தேடி, அதற்கு முன்னூறு ரூபாய் கொடுப்பது நமது பழக்கம்.

ஆங்கிலம் நமது சமூகத்துக்கு எப்படி வந்தது என்பதையும் மறந்துவிட்டோம். மிஷனரிப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று நம் முன்னோர் பயந்த காலத்தில், ஆங்கிலமும் படிக்கத்தான் வேண்டும் என்று நின்றவர் சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். எகிப்திலிருந்து 1883இல் நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும் வாப்பிச்சி மரிக்காரும் அவரோடு நின்ற முயற்சிகளில் இருந்துதான் 1892இல் மருதானையில் ஸாஹிறா உருவானது. சித்திலெப்பை தொழிலால் ஒரு வழக்கறிஞர், கண்டியில் புரொக்டர். உறுதியையும் ஒப்பந்தத்தையும் வாசித்து வாழ்ந்த மனிதர். ஆங்கிலம் தெரியாதவன் எந்த இடத்தில் ஏமாறுவான் என்று அவருக்குத் தெரியும். அவர் நடத்திய பத்திரிகை தமிழ்ப் பத்திரிகை என்பதையும் கவனியுங்கள். ஆங்கிலத்தின் அவசியத்தைத் தமிழில் சொல்ல அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. இன்று நம் வீட்டு வலீமா அழைப்பிதழில் தமிழ் இல்லை, வாசிக்கிற மாமிமாரில் பாதிப்பேருக்கு ஆங்கிலம் இல்லை.

ஆங்கிலத்தைக் கண்டு மிரளுகிறவர்களுக்கும் ஒரு சொல். அது கடன் வாங்கியே பெருத்த மொழி. அல்ஜீப்ரா, கொட்டன், ஷுகர், டாரிஃப், அட்மிரல், மகசின் எல்லாம் அரபு வழியாகப் போனவை. 'செரன்டிபிட்டி' என்று பெரிய ஆட்கள் வாயில் உருட்டுகிற சொல், 1754இல் ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் தன் கடிதமொன்றில் உண்டாக்கியது. அதற்குள் இருப்பது செரன்தீப், நமது நாட்டின் பழைய அரபுப் பெயர். நம் கரைக்கு வந்த கப்பல்காரர்கள் சொன்ன பெயரை வைத்து அவர்கள் சொல் செய்திருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கியதில் ஒரு 'எபௌட்' கூடிப்போனதற்கு நாம் ஒருவரை ஒருவர் அழ வைக்கிறோம்.

அழ வைக்கிறோம் என்று சும்மா சொல்லவில்லை. வகுப்பில் ஆங்கிலம் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒன்பதாம் தரத்துக்கு வந்தவுடன் வாய் மூடுவதை வருசா வருசம் பார்க்கிறோம். அந்த வயதில்தான் கையில் ஃபோன் வருகிறது, ஸ்கிரீன்ஷொட்டும் வருகிறது. பெண் பிள்ளைகள்தான் முதலில் மூடுகிறார்கள். பரீட்சையில் 'ஏ' எடுக்கிற பிள்ளை, ஆஸ்பத்திரியில் வேற்று மொழி டொக்டருக்கு முன்னால் உம்மாவின் நோவு எந்த இடத்தில் என்று ஒரு வசனம் சொல்லத் தயங்கி நிற்கிறது. 'மை மதர் ஹேவ் பெய்ன் ஹியர்' என்றால் அந்த டொக்டருக்கு விளங்கும். 'ஹேவ்' பிழை, 'ஹேஸ்' என்று வர வேண்டும். அதைப் பிறகு நாங்கள் திருத்திக் கொள்கிறோம்.

ஆகவே டியூஷன் நடத்துகிற சகோதரர்களுக்கு: உங்கள் பிழைப்பில் மண் போடுவது எங்கள் நோக்கம் இல்லை. அந்த நூறு இடியத் தாளுக்குப் பதிலாக ஒரு ஒப்பந்தம், ஒரு வங்கிக் கடிதம், ஒரு விண்ணப்பப் படிவம், ஒரு மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற தாள் என்று போட்டோகொப்பி அடித்துக் கொடுங்கள். 'பை', 'அன்ட்டில்', 'ஷெல்', 'மே', 'அன்லெஸ்', 'ஒன்லி', 'அட் லீஸ்ட்', 'சப்ஜெக்ட் டு' எங்கெங்கே வருகிறது என்று பிள்ளையைக் கோடு போடச் சொல்லுங்கள். பெற்றோருக்கு: எத்தனை இடியம் தெரியும் என்று மகளிடம் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்த கடிதத்தைக் கையில் கொடுத்து, "மகள், இதுல நாம என்ன செய்யணும் என்டு போட்டிருக்கி, எப்பக்குள்ள?" என்று கேளுங்கள். வட்டம் போடுகிறவர்களுக்கு: பிழை கண்டால் அந்தப் பிள்ளையின் இன்பொக்ஸுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. இந்த மாதம் முழுவதும் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு மஃரிப் வரைக்கும் பொது நூலகத்தின் மேல்மாடியில் எங்களில் இரண்டு பேர் இருப்போம். வெளிநாட்டு ஒப்பந்தம், விசாத் தாள், காப்புறுதிப் பத்திரம், விண்ணப்பம், ஆங்கிலத்தில் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போட முதல் கொண்டு வாருங்கள். காசு இல்லை. வரும்போது வீட்டில் ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தால், அந்தப் பிள்ளையையே வாசிக்க வைத்து நாங்கள் பக்கத்தில் இருந்து கேட்போம். மைதானத்துத் தண்ணீர் பற்றிய அந்த அறிவித்தலை எழுதிய தம்பியையும் கேட்டிருக்கிறோம், கதிரை அடுக்க ஆள் வேண்டும், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.